நான்கு நாள் வெள்ளமும் ஏழு பேர் வாகனமும்

எங்கள் சமையலறைச் சுவரில் சென்ற ஆண்டின் நாட்காட்டி இன்னும் தொங்குகிறது. கழற்ற மனைவி விடவில்லை. ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரையுள்ள தாள்களில் பதினொரு திகதிகளைச் சுற்றி அவர் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். அவற்றில் ஏழு வட்டங்களுக்குள் ஒரு குறுக்குக்கோடும் இருக்கிறது. அவர் மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிகுடியிலிருந்து, வாவிக்கு மறுகரையிலுள்ள மண்டூர்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்குப் படிப்பிக்கப் போகிறவர். பட்டிருப்புப் பாலம் கடந்து, பழுகாமம், வெல்லாவெளி வழியாகப் போய் வர நாளொன்றுக்கு நாற்பது கிலோமீற்றர் அளவு ஓட வேண்டும். வட்டமிட்ட நாட்களில் வெல்லாவெளிக்கும் மண்டூருக்கும் இடையே வீதியின் மேல் தண்ணீர் நின்றது. குறுக்குக்கோடும் விழுந்த ஏழு நாட்களில் உழவு இயந்திரங்களைத் தவிர வேறு எதுவும் போகவில்லை. மீதி நான்கு நாட்களில் உயரமான வாகனங்கள் மெல்ல மெல்லக் கடந்தன, தாழ்ந்தவை வந்த வழியே திரும்பின.

ஏழு பேர் அமரும் வாகனம் ஒன்று வாங்க வேண்டும் என்ற பேச்சு வீட்டில் எழுந்தபோது, விலை விபரங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு முதலில் இந்த நாட்காட்டியைத்தான் எடுத்து மேசையில் விரித்தோம். அந்த நான்கு நாட்களுக்கு எவ்வளவு பணம் கொடுப்பது என்பதுதான் எங்கள் கேள்வி. வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் குடியிருந்து மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போய் வருகிற எத்தனையோ குடும்பங்களின் கேள்வியும் அதுதான் என்று நினைக்கிறேன். ஆகவே நாங்கள் பார்த்தவற்றை ஒப்பிட்டு எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நான், மனைவி, மூன்று பிள்ளைகள், மாமி, அடிக்கடி வந்து தங்கும் என் அம்மா. ஏழு பேர். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். கடைசிப் பிள்ளைக்கு ஆறு வயது, மூத்தவனுக்குப் பதினாறு, என்னைவிட அரை அடி உயரம். வாகனத்தை நாள்தோறும் ஓட்டப் போகிறவர் மனைவி. நான் மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போய் வருகிறவன். ஆண்டுக்கு மூன்று நான்கு தடவை கொழும்புக்கோ கண்டிக்கோ நீண்ட ஓட்டம் இருக்கும். கதிர்காமத்துக்கு ஒரு தடவை.

மொன்றியலில் இருக்கும் என் தம்பியிடம் கேட்டேன். அவனிடமும் மூன்று வரிசை வாகனம்தான், டொயோட்டா ஹைலாண்டர். நான்கு சில்லுக்கும் வலு போகிறதா என்று பார்த்து வாங்கச் சொன்னான். அங்கே பனியில் அது இல்லாமல் முடியாதாம். ஆனால் பேசப் பேச அவனே வேறொன்றும் சொன்னான். நான்கு சில்லு வலு வாகனத்தை நின்ற இடத்திலிருந்து கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. பனியில் நிறுத்துவது டயர். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் இறப்பர் இறுகிப் பிடிப்பை இழந்துவிடும். அதனால்தான் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் போடுவதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறார்கள். அவன் சொன்னதில் என் மனதில் தங்கியது இதுதான்: எந்தக் காலநிலைக்கு வாகனம் வாங்குகிறோமோ அந்தக் காலநிலை வாகனத்தின் எந்த இடத்தைத் தாக்குகிறது என்று முதலில் கேட்க வேண்டும். பனி டயரைத் தாக்குகிறது. எங்கள் மாரி எதைத் தாக்குகிறது?

தண்ணீர் என்ன செய்கிறது

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாரியில் எங்கள் பழைய வேன் பழுகாமத்துக்கு அப்பால் தண்ணீரில் நின்றுபோனது. முழங்கால் அளவுதான் தண்ணீர் என்று நினைத்து இறங்கினேன். எதிரே வந்த லொறியின் அலை பொனற்றுக்கு மேல் ஏறியது. இரண்டு தடவை இருமிவிட்டு என்ஜின் நின்றது. திரும்பவும் சாவியைத் திருகினேன். அதுதான் நான் செய்த பெரிய பிழை. என்ஜினுக்குள் போன தண்ணீர், காற்றைப் போல அமுங்காது. மேலே வரும் பிஸ்டன் தண்ணீரை இடித்தால், அதைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். எங்களுடையதில் ஒன்று வளைந்திருந்தது. அதோடு முடியவில்லை. கராஜ்காரர் பின் அச்சின் நடுவிலுள்ள கியர்ப் பெட்டியின் ஆணியைக் கழற்றி ஒரு பழைய ஜாம் போத்தலைக் கீழே பிடித்தார். தேன் நிறத்தில் வர வேண்டிய எண்ணெய், பால் விட்ட தேநீரைப் போல வழிந்தது. ஓடிச் சூடேறிய இரும்பு குளிர்ந்த நீரில் அமிழ்ந்ததும் உள்ளேயிருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியாக வெளியே உள்ள தண்ணீரை இழுத்துக்கொள்ளும் என்று விளக்கினார். அன்றைக்கே பார்க்காமல் விட்டிருந்தால் இரண்டு மாதத்தில் பற்கள் துருவேறித் தேய்ந்திருக்கும்.

அன்று முதல் எந்த வாகனத்தைப் பார்க்கப் போனாலும் நான் முதலில் பொனற்றைத் திறந்து காற்று உறிஞ்சும் குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்றுதான் பார்க்கிறேன். சிலவற்றில் அது முன் விளக்கின் உயரத்துக்கு மேலே இருக்கிறது. சிலவற்றில் பம்பருக்குப் பின்னால் தாழ்ந்து கிடக்கிறது. விற்பனைக் கையேட்டில் இதைப் போடமாட்டார்கள். கையை விட்டுத் தடவித்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு அளவுகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று தரை இடைவெளி, அதாவது வாகனத்தின் அடிப்பகுதியில் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் வீதிக்கும் இடையே உள்ள உயரம். மற்றது நீர் கடக்கும் ஆழம், அதாவது எவ்வளவு ஆழமான நீரில் மெதுவாகப் போகலாம் என்று தயாரிப்பாளர் சொல்லும் அளவு. பெரிய ஜீப்புகளுக்குத்தான் இரண்டாவது அளவை வெளிப்படையாகச் சொல்வார்கள். மூன்றாவது ஒன்றையும் நான் சேர்ப்பேன்: கையேட்டில் இருக்கும் தரை இடைவெளி வெறும் வாகனத்துக்கு உரியது. ஏழு பேரும் ஏறி, பின்னால் அரிசி மூட்டை ஒன்றும் வைத்தால் வில்லுகள் அமர்ந்து ஓர் அங்குலமோ அதற்கு மேலோ போய்விடும். மூன்று வரிசை வாகனத்தில் கடைசி வரிசை பின் சில்லுகளுக்கு மேலேயே வருவதால் பின்பக்கம்தான் அதிகம் தாழும். ஆளேற்றிப் பார்க்காமல் உயரத்தைப் பற்றிப் பேசுவதில் பயன் இல்லை.

எந்த உயரமும் ஓடும் நீருக்கு எதிரே நிற்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஓரடி ஆழத்தில் வேகமாக ஓடும் நீர் பெரும்பாலான கார்களை இழுத்துக்கொண்டு போகும். இரண்டடி ஜீப்பையும் கொண்டுபோகும். 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் இழுத்துச் சென்றது ஓர் உழவு இயந்திரத்தை. மத்ரசாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் அதில் இருந்தார்கள். நாங்கள் விலை பேசிய எந்த ஜீப்பை விடவும் உழவு இயந்திரத்தின் சில்லு உயரமானது. அந்தச் செய்தி வந்த இரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த ஏழு குறுக்குக்கோடுகளுக்கு வாகனம் வாங்குவதில்லை என்று மனைவி முடிவெடுத்தது அந்த நினைவில்தான். உன்னிச்சைக் குளத்திலோ நவகிரிக் குளத்திலோ வான்கதவு திறந்தார்கள் என்று அறிவித்தால் அன்று வீட்டில் இருப்பது. ஆகவே ஒப்பீடு முழுவதும் அந்த மீதி நான்கு நாட்களையும், மழை பெய்தும் வீதி தெரிகிற நாட்களையும், வெயில் காயும் எட்டு மாதங்களையும் பற்றியது.

தாழ்ந்தவை

ஏழு பேருக்கு வசதியாக இருக்கை வேண்டும் என்றால் நேர்மையான விடை டொயோட்டா நோவா போன்ற வேன்தான். பக்கக் கதவு வழுக்கித் திறக்கிறது. அம்மா சேலையோடு, கைப்பிடியைப் பிடித்து, ஒரே எட்டில் ஏறிவிட்டார். கடைசி வரிசையில் என் மூத்தவன் முழங்கால் இடிக்காமல் உட்கார்ந்தான். 1.8 லீற்றர் ஹைபிரிட் வகை எரிபொருளையும் மிச்சப்படுத்துகிறது. எங்கள் குடும்பம் மட்டக்களப்பு நகருக்குள்ளேயோ கல்முனையிலோ இருந்து, ஓட்டம் எல்லாம் பிரதான வீதியிலேயே என்றால் நான் இதற்கு மேல் எழுத வேண்டிய தேவையே இல்லை. ஆனால் தரை இடைவெளி 160 மில்லிமீற்றர். ஏழு பேர் ஏறிய பின்பு ஐந்து அங்குலத்தைச் சொல்லலாம். ஹைபிரிட் மின்கலம் வேறு முன் இருக்கைகளுக்குக் கீழே தாழ இருக்கிறது. வாகனத்தின் தரைக்குத் தண்ணீர் ஏறினால் செலவு என்ஜினோடு நிற்காது.

சுசுகி எர்டிகா 180 மில்லிமீற்றர். 1.5 லீற்றர் என்ஜின், நோவாவை விடக் குட்டை, ஒடுங்கிய ஒழுங்கைகளுக்குள் திருப்ப இலகு. எரிபொருள் செலவில் நாங்கள் பார்த்த, ஹைபிரிட் அல்லாத பெற்றோல் வாகனங்களில் இதுதான் மிகக் குறைவு. கடைசி வரிசை பிள்ளைகளுக்குப் போதும். ஏழு பேரும் ஏறி மகியங்கனையிலிருந்து கண்டிக்குப் பதினெட்டு வளைவுகளில் ஏறும்போது என்ஜின் திணறும் என்று வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள். அது பொறுமையோடு ஓட்டினால் தீரும் குறை. மாரியில்தான் இதை நம்பி வெல்லாவெளி தாண்ட எனக்குத் துணிவு வரவில்லை.

கே.டி.எச். என்று நாங்கள் சொல்லும் டொயோட்டா ஹையேஸ் வேனைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏழு பேருக்குப் பதிலாகப் பத்துப் பேர் போகலாம், கோவிலுக்கு ஊரையே ஏற்றலாம், விற்கப் போனால் கொடுத்த பணம் கைக்கு வரும். நானும் முதலில் அந்தப் பக்கம்தான் சாய்ந்தேன். மாற்றியது இரண்டு காரணங்கள். முதலாவது, என்ஜின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருப்பதால் ஓட்டுபவரின் கால்களுக்கு முன்னே மோதலைத் தாங்க அதிக இடம் இல்லை. வெலிக்கந்தைக்கும் ஹபரணைக்கும் இடையே இரவில் யானை நிற்கிற வீதியில் மனைவியும் பிள்ளைகளும் முன்னால் இருக்கும்போது அதை நான் நினைக்காமல் இருக்க முடியவில்லை. இரண்டாவது, பெரும்பாலானவற்றில் வலு பின் சில்லுகளுக்கு மட்டும் போகிறது. வெறும் வேனாக, ஒருவர் மட்டும் ஓட்டிப் போகும்போது பின்பக்கம் பாரமில்லாமல் களிமண்ணில் சுழல்கிறது. மனைவி வாரத்தில் ஐந்து நாள் ஓட்டப் போவது வெறும் வேனைத்தான்.

உயர்ந்தவை

இனி ஜீப்புகள். எங்கள் ஊரில் எல்லாவற்றையும் ஜீப் என்றுதான் சொல்கிறோம். ஆனால் அவற்றுக்குள் இரண்டு இனம் இருக்கிறது. ஒன்று, காரைப் போல உடலும் அடித்தளமும் ஒரே கூடாகச் செய்யப்பட்டது. மற்றது, லொறியைப் போலத் தனியான இரும்புச் சட்டமான சேசிஸ் மேல் உடலை வைத்துப் பூட்டியது. முன்னது வீதியில் மென்மை, குறைந்த செலவு. பின்னது பாரத்துக்கும் பள்ளத்துக்கும் நிற்கும், எரிபொருளும் அதற்கேற்பக் குடிக்கும்.

நிசான் எக்ஸ்-ட்ரெயில் முதல் இனம். 2013 கடைசியில் ஜப்பானில் வந்த தலைமுறையில் 2.0 லீற்றர் பெற்றோல் என்ஜினோடு மூன்று வரிசை வகை இருக்கிறது. இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அதே உருவத்தில் ஹைபிரிட் வாகனங்களும் நிறைய வந்திருக்கின்றன, அவை இரண்டு வரிசைதான். விளம்பரத்தை நம்பாமல் பின்கதவைத் திறந்து பாருங்கள். தரை இடைவெளி 205 மில்லிமீற்றர். தேவைப்படும்போது நான்கு சில்லுக்கும் வலு அனுப்பும் முறை பெரும்பாலானவற்றில் உண்டு. கொழும்பு ஓட்டத்துக்கு இதைப் போல இதமான வாகனத்தை நாங்கள் பார்த்தவற்றில் காணவில்லை, மாமி அதிலேயே தூங்கிவிட்டார். மூன்றாம் வரிசைதான் மனதுக்குச் சரிப்படவில்லை. அது பிள்ளைகளுக்கென்று செய்த இருக்கை. மூத்தவன் உட்கார்ந்ததும் முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. கியர்ப் பெட்டி பட்டியில் ஓடும் தானியங்கி வகை. சேற்றில் நெடுநேரம் சில்லு சுழன்று சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ள வலுவைக் குறைத்துவிடும் தன்மை அந்த வகைக்கு உண்டு. தார் வீதியை விட்டு இறங்காதவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

மிட்சுபிஷி மொன்டெரோ ஸ்போர்ட் இரண்டாவது இனம். 2015இல் வந்த தலைமுறையில் 2.4 லீற்றர் டீசல் என்ஜின், எட்டு கியர் தானியங்கி, 218 மில்லிமீற்றர் தரை இடைவெளி. நீர் கடக்கும் ஆழமாக 700 மில்லிமீற்றர் என்று சொல்லப்படுகிறது. அது நின்ற நீரில், ஆள் நடக்கும் வேகத்தில். என் மச்சான் ஒருவர் சென்ற மாரியில் இப்படியான ஒரு ஜீப்பில் என்னை ஏற்றிக்கொண்டு அந்த நான்கு நாட்களில் ஒரு நாள் வெல்லாவெளிக்குப் போனார். வீதியோர வெள்ளைக் கட்டைகளின் தலை மட்டும் தெரிந்தது. அவர் தாழ்ந்த கியரில் போட்டு, முன்னால் ஒரு சிறு அலை எழும்பும்படி ஒரே சீராகப் போனார். நடுவில் நிறுத்தவில்லை, வேகத்தைக் கூட்டவுமில்லை. அந்த அலைக்குப் பின்னால் பொனற்றுக்கு அடியில் தண்ணீர் சற்றுத் தாழ்ந்தே இருக்கும் என்றார். மறுகரையில் ஏறியதும் பிரேக்கை மெல்ல அழுத்தி அழுத்திக் காயவைத்தார். வாகனத்தின் பலத்தைப் பாதியும் ஓட்டியவரின் நிதானத்தைப் பாதியும் அன்று கண்டேன்.

வாங்க நினைப்பவர் கவனிக்க வேண்டியது, இதில் நான்கு சில்லு வலு உள்ளதும் உண்டு, பின் சில்லுகளுக்கு மட்டும் வலு போகிறதும் உண்டு. வெளியே பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே தெரிவு செய்யும் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். மனைவி ஓட்டிப் பார்த்தார். உயரத்தில் அமர்ந்து தூரம் பார்ப்பது பிடித்தது. ஆனால் அவர் ஐந்தடி ஓரங்குலம். பொனற்றின் இடது மூலை அவருக்குத் தெரியவில்லை. பாடசாலை வாசலில் பிள்ளைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற இடத்தில் இதை வைத்து எப்படித் திருப்புவது என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. கமரா இருந்தால் ஓரளவு சரியாகும்.

டொயோட்டா பிராடோவும் 700 மில்லிமீற்றர் நீர் கடக்கும் என்கிறது. எப்போதும் நான்கு சில்லுக்கும் வலு, மாரியும் மலையும் எதுவும் அதற்குப் பெரிதில்லை. விலை எங்கள் வீட்டையும் வளவையும் சேர்த்துக் கேட்கும். அதை இத்தோடு விடுகிறேன்.

கடைசியாக டொயோட்டா ரஷ். இது ஒரு நடுவழி. உருவம் சிறியது, நீளம் 4.4 மீற்றர் அளவு. 1.5 லீற்றர் பெற்றோல் என்ஜின், வலு பின் சில்லுகளுக்கு மட்டும். ஆனால் தரை இடைவெளி 220 மில்லிமீற்றர், மொன்டெரோ ஸ்போர்ட்டுக்கு இணை. தானியங்கி கியர் பழைய பாணி நான்கு வேகம். வேகமாக முந்த நினைத்தால் இரைச்சல் போடும், ஆனால் ஊர்க் கராஜில் கழற்றிப் பூட்டத் தெரிந்த சாமான். மூன்றாம் வரிசையில் எக்ஸ்-ட்ரெயிலை விட மூத்தவனுக்குச் சற்று நிமிர்ந்து உட்கார முடிந்தது. மூன்றாம் வரிசையையும் விரித்துவிட்டால் பொருள் வைக்க இடம் மிகக் குறைவு. கொழும்புப் பயணத்துக்குக் கூரைத் தட்டு ஒன்று போட வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த பழைய ரஷ் ஐந்து இருக்கை கொண்டது. 2017இல் உருமாறிய தலைமுறைதான் ஏழு பேருக்கு.

அம்மாவும் மூன்றாம் வரிசையும்

மூன்று வரிசை என்று சொல்கிறவர்கள் அந்தக் கடைசி வரிசைக்கு யார் ஏறப் போகிறார் என்று கேட்பதில்லை. எல்லா ஜீப்பிலும் நடு இருக்கையைச் சரித்து, அந்த இடுக்கால் குனிந்துதான் ஏற வேண்டும். அம்மாவுக்கும் மாமிக்கும் அது நடக்காது. ஆகவே அவர்கள் இருவரும் நடு வரிசை. கடைசிப் பிள்ளை அவர்களுக்கு நடுவில். மூத்தவனும் நடுவிலாளும் பின்னே. அப்படியென்றால் கடைசி வரிசையில் வளர்ந்த பிள்ளை ஒருவன் ஏழு மணி நேரம் உட்கார முடியுமா என்பதே எங்களுக்கான கேள்வி. ஒவ்வொரு வாகனத்திலும் அவனைப் பத்து நிமிடம் உட்காரவைத்தோம். ஏசியைப் போட்டு, பின்னால் காற்று வருகிறதா என்று கையை நீட்டச் சொன்னோம். சித்திரை வெயிலில் கடைசி வரிசைக்குக் காற்றுப் போகாவிட்டால் மழைக்கு வாங்கிய வாகனம் வெயிலில் சிறையாகிவிடும். பக்கக் காற்றுப்பை மூன்றாம் வரிசை வரை நீளுகிறதா என்றும் கேளுங்கள். எல்லாவற்றிலும் நீளுவதில்லை.

உயரமான ஜீப்பில் ஏற அம்மா தடுமாறினார். மொன்டெரோ ஸ்போர்ட்டில் கால்படி இருந்தும், முதலில் படியில் ஏறி, பிறகு திரும்பி, பிறகு உட்கார்ந்து என்று மூன்று அசைவு வேண்டியிருந்தது. ரஷ்ஷில் படி இல்லை. ஆனால் இருக்கை அவ்வளவு உயரத்தில் இல்லாததால் வீட்டிலிருந்த சிறு மர முக்காலி போதுமாக இருந்தது.

உப்பும் துருவும்

தம்பி மொன்றியலில் பனிக்காலம் முழுவதும் இரண்டு வாரத்துக்கொரு தடவை வாகனத்தின் அடிப்பகுதியைக் கழுவுகிறான். அங்கே பனியை உருக்க வீதியில் உப்புத் தூவுகிறார்கள். எங்களுக்கு யாரும் தூவத் தேவையில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. வீதிக்கு மேல் ஏறும் தண்ணீரில் முகத்துவாரம் பக்கத்து உவர் கலந்திருக்கும் நாட்களும் உண்டு. சேசிஸ் தனியாக உள்ள ஜீப்புகளில் அந்த நீண்ட இரும்புப் பெட்டிகளுக்குள் சேறு புகுந்து உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே பூச்சு பளபளக்கும். சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு மணிபோலச் சத்தம் தரும். துருப்பிடித்த இடம் மந்தமாக ஒலிக்கும். தண்ணீர் கடந்த ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவ வேண்டும். வீட்டுக் கிணற்று நீர் உவர் என்றால் அதனால் கழுவிப் பயனில்லை.

இதனாலேயே பாவித்த வாகனம் வாங்குவோருக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஒரு விற்பனை நிலையத்தில் எங்களுக்கு மிக நன்றாகப் பிடித்துப்போன ஒரு ஜீப், இருக்கை உறை எல்லாம் புதிது. மச்சான் நடு வரிசையின் பாதுகாப்புப் பட்டியை முழுவதுமாக வெளியே இழுத்தார். கடைசி ஒரு முழத்தில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு. வெள்ளத்தில் கிடந்த வாகனம். இருக்கைகளைக் கழுவியவர்கள் சுருளுக்குள் இருந்த பட்டியைக் கழுவவில்லை. மேலதிக டயர் வைக்கும் குழியில் மண், விளக்குகளுக்குள் நீர்க்கோடு, இருக்கைக்கு அடியிலுள்ள ஆணிகளில் துரு, இவற்றையும் பாருங்கள். எங்கள் மாவட்டத்தில் 2011 ஜனவரி வெள்ளம் போன்றவை வந்துபோயிருக்கின்றன. மற்ற மாவட்டங்களின் வெள்ளத்தில் கிடந்தவையும் இங்கே விலைக்கு வருகின்றன.

பணம்

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஐந்து ஆண்டுக் காலத்தில் பாவித்த வாகனங்கள் விலை இறங்குவதற்குப் பதிலாக ஏறின. திறந்த பிறகும் தீர்வை என்ஜினின் அளவோடு ஏறுவதால் பெரிய டீசல் ஜீப்புக்கும் 1.5 லீற்றர் வாகனத்துக்கும் உள்ள விலை இடைவெளி குறையவில்லை. நாங்கள் விலை கேட்டவரை ஒரு மொன்டெரோ ஸ்போர்ட்டின் பணத்துக்கு ரஷ் ஒன்றை வாங்கி, மூத்தவனின் பல்கலைக்கழகச் செலவையும் ஒதுக்கிவைக்க முடியும்.

2022ஐ மறக்கவில்லை. எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது காருக்கும் வேனுக்கும் வாரத்துக்கு 20 லீற்றர். மனைவியின் பாடசாலை ஓட்டம் வாரத்துக்கு 200 கிலோமீற்றர். எங்கள் வீதிகளில் பெரிய டீசல் ஜீப் லீற்றருக்கு எட்டு ஒன்பது கிலோமீற்றர் ஓடும் என்று வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள். எட்டு என்றால் 20 லீற்றரில் 160 கிலோமீற்றர், வெள்ளிக்கிழமை பாடசாலை இல்லை. பதினொன்று ஓடும் வாகனத்தில் 220. கணக்கு அவ்வளவுதான், ஆனால் அது ஒரு ஆசிரியையின் வெள்ளிக்கிழமை.

டயரின் விலையும் கேளுங்கள். பெரிய ஜீப்பின் 18 அங்குல டயர் நான்கும் மாற்றும் செலவு பலருக்கு முதல் முறையில்தான் தெரியவருகிறது. தேய்மான எல்லை 1.6 மில்லிமீற்றர் என்று வழக்கமாகச் சொல்வார்கள். மழை வீதியில் 3 மில்லிமீற்றருக்குக் கீழே போனாலே தண்ணீரை வெளியேற்றும் வலிமை குறைந்து, தாழங்குடாப் பக்கம் தேங்கிநிற்கும் நீரில் சில்லு வீதியைத் தொடாமல் மிதக்கும். சேற்று வரம்புப் பாதைக்குக் கரடுமுரடான டயர் நல்லது. தார் வீதியில் நனைந்த நாளில் நிறுத்துவதற்கு சாதாரண வீதி டயரே பெரும்பாலும் மேல். காப்புறுதியில் வெள்ளமும் புயலும் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முழுக் காப்புறுதி என்ற பெயர் மட்டும் போதாது, இயற்கை அனர்த்தத்துக்குத் தனியாகச் சேர்க்க வேண்டிய திட்டங்கள் உண்டு.

எங்கள் முடிவு

மச்சானுக்கு வெல்லாவெளிக்கு அப்பால் வயல். விதைப்பும் உர மூட்டையும் மாரியோடு வருகிறவை. நாளுக்கு இரண்டு தடவை களிமண் பாதையில் இறங்குகிறார். அவருக்குத் தனிச் சேசிஸ் உள்ள, நான்கு சில்லு வலு உள்ள டீசல் ஜீப்தான் சரி. வேறு எதையும் நான் அவருக்குச் சொல்லமாட்டேன். தார் வீதியை விட்டு இறங்காமல் கொழும்பு ஓட்டம் அதிகம் உள்ளவருக்கு எக்ஸ்-ட்ரெயில், பின்வரிசையில் சிறு பிள்ளைகள் என்றால். நகருக்குள் முதியவர்களோடு வாழ்பவருக்கு நோவா.

எங்களுக்கு ரஷ். நான்கு சில்லு வலு இல்லை என்ற குறை எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. நாட்காட்டியை மறுபடி பார்த்தபோது அதற்காகக் கொடுக்க வேண்டிய பணம் நான்கு நாட்களுக்கு மிக அதிகம் என்று மனைவிதான் சொன்னார். உயரம் இருக்கிறது, வீதி ஈரமாக இருக்கும் மற்ற நாட்களுக்கு அது போதும். தண்ணீர் வீதிக்கு மேல் வந்தால் குருமண்வெளித் துறையில் வாகனத்தை விட்டு, பாதையில் ஏறி மண்டூருக்குப் போவது. நாங்கள் பாதை என்று சொல்வது அந்த இயந்திரப் படகைத்தான். பாதையும் நிறுத்தப்பட்டால் பாடசாலைக்கு அறிவித்துவிட்டு வீட்டில் இருப்பது. அம்மாவை அவசரமாக வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டிவந்து ஒழுங்கைக்குள் தண்ணீர் நின்றால், இரண்டு தெரு தள்ளி மச்சானின் ஜீப் நிற்கிறது. அவரிடம் கேட்டோம். இதை எதற்குக் கேட்கிறீர்கள் என்று கோபித்துக்கொண்டார்.

பார்த்து வைத்திருக்கும் வாகனத்தில் பின் டயர்கள் இரண்டும் தேய்ந்திருக்கின்றன. ஐப்பசி பிறப்பதற்கு முன்பு நான்கையும் மாற்றி, பின் அச்சு எண்ணெயையும் ஒரு தடவை இறக்கிப் பார்த்துவிட வேண்டும். ஜாம் போத்தல் கராஜ்காரரிடம் இருக்கிறது.